செறிந்த குருதி

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இரயில் ஓடாத தீவிலே இரயில்வே எழுத்தர் ஒருவரைப் பேச அழைத்திருக்கிறீர்கள். கப்பலை விட்டு இறங்கிய நாள் முதல் இதைச் சொல்லிச் சிரிக்காத அன்பர் இக்குடியிருப்பில் ஒருவரும் இல்லை. நாமும் உடன் சேர்ந்தே சிரித்தோம். செயலாளர் அவர்கள் முதலில் எமக்கு அளித்த தலைப்பு சிலம்பில் வணிகம் என்பது. சரக்குக் கணக்கு எழுதுகிறவருக்கு அது பொருந்தும் என்று அவர் எண்ணியிருக்கலாம். நாம்தாம் தலைப்பை மாற்றித் தருமாறு வேண்டிக்கொண்டோம். பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை நிறுத்திப் பேரேட்டு எண்களோடு இருபதாண்டுக்கு மேல் காலம் தள்ளியவர்களுக்கு மருத்துவம் பேச என்ன உரிமை என்று கேட்பீர்கள். உரிமை இல்லை. ஆனால் ஓர் எண்ணைப் படிக்கத் தவறியதைப் பற்றிப் பேச எமக்கு முழு உரிமை உண்டு. எண்ணைப் படிப்பதே எம் தொழில்.

இவ்வுரையில் வரும் வீட்டுச் செய்திகளை எம் தமக்கையாரின் ஒப்புதல் பெற்றே கூறுகிறோம். அவர் பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய கணவரை, எம் அத்தானை, உங்களில் பலர் அறிவீர்கள். ஆண்டுதோறும் இந்தப் பந்தலுக்கு வாழைமரம் கட்டியவர் அவர். துறைமுகத்துப் பணிமனையில் பிட்டர் வேலை. உரத்த குரல். சிவந்த முகம். அந்தச் சிவந்த முகத்தைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு.

நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வெளுத்து இருந்தால், "இரத்தமே இல்லையே, என்ன சாப்பிடுகிறாய்?" என்று கவலைப்படுவோம். முகம் சிவந்து, கண் வெள்ளையும் சிவந்து இருந்தால், "நல்ல இரத்தக்கட்டு" என்று மெச்சுவோம். அத்தானைக் காணும் உறவினர் எல்லாரும் அப்படித்தான் மெச்சினர். அந்தமான் மீனும் தேங்காயும் செய்கிற வேலை என்று ஊரில் ஒரு பெரியவர் சொல்வார். நாமும் தலையாட்டினோம்.

2021 ஆம் ஆண்டு அவருடைய பணியிடத்தில் அனைவருக்கும் உடற்சோதனை நடந்தது. இரத்தச் சோதனைத் தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். அதில் ஹீமோகுளோபின் 19.4 என்றும், பி.சி.வி. 58 என்றும் அச்சிட்டிருந்தது. இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் ஆங்கில 'எச்' எழுத்து ஒன்று தடித்து நின்றது. அவ்வாண்டு ஊருக்கு வந்தபோது தாளை எம்மிடம் காட்டி, "மாப்பிள்ளை, இது என்ன எச்?" என்று கேட்டார். நாம் விடை கூறுமுன் அவரே, "ஹெல்தி என்பதன் முதலெழுத்தாக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம். அந்தத் தாள் அவர் பெட்டிக்குள் போயிற்று.

அது 'அதிகம்' என்பதற்கான அடையாளம் என்பது எமக்குத் தெரியும். தெரிந்தேதான் சிரித்தோம். அதிகமாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்தோம்.

நிற்க. எம் அலுவலகத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஒரு நிலையத்தில் பத்து மூட்டை குறைந்து வந்தால் விளக்கம் கேட்டு எழுதுவோம். பத்து மூட்டை கூடுதலாக வந்தாலும் அவ்வாறே எழுதுவோம். கூடுதலாக வந்தது என்று எவரும் மகிழ்ந்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. அது யாருடையது, எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று தேடுவதே முறை. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தைத் தொடங்கும் இடத்திலேயே மிகுதியையும் குறைவையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார். குறளும் படித்தோம், கணக்கும் எழுதினோம். இந்த ஓர் இடத்தில் இரண்டையும் மறந்தோம்.

இனி, குருதி என்பது யாதெனப் பார்ப்போம். அது நீரில் மிதக்கும் அணுக்களின் கூட்டம். நீர்ப்பகுதியைப் பிளாஸ்மா என்பர். அணுக்களில் மிகப் பெரும்பாலானவை சிவப்பணுக்கள். ஆண்மகன் ஒருவனுடைய குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் இருக்கும். ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மறைய, எலும்பு மஜ்ஜையிலிருந்து புதியது வந்து சேரும். ஒரு கண்ணாடிக் குழாயில் குருதியை ஊற்றி எந்திரத்தில் விரைந்து சுழற்றினால் அணுக்கள் அடியில் படிந்துவிடும். நூறு பங்குக் குருதியில் அப்படிப் படிந்தது எத்தனை பங்கு என்பதே பி.சி.வி. எனும் எண். அதையே ஹீமட்டோகிரிட் என்றும் சொல்வர். ஆண்களுக்கு அது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையிலும், பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருப்பது இயல்பு. அத்தானுக்கு 58. அதாவது பாதிக்கு மேல் அணுக்களே, நீர் குறைவு.

அதனால் என்ன கேடு? கூழ் காய்ச்சும் தாய்மார்களுக்கு இதை நாம் சொல்லத் தேவையில்லை. மாவு ஒரு பிடி கூடினால் கரண்டி கனக்கிறது. இன்னும் ஒரு பிடி கூடினால், ஒரு பிடி அளவுக்கு மட்டும் கனப்பதில்லை. கரண்டி நின்றே விடுகிறது. குருதியும் அப்படியே. பி.சி.வி. ஏற ஏறப் பிசுக்கு அதனினும் வேகமாக ஏறுகிறது. நுண்ணிய நாளங்களில் ஓட்டம் மந்தப்படுகிறது. மந்தப்பட்ட குருதி உறையத் தேடுகிறது. மூளையில் உறைந்தால் பக்கவாதம், இதயத்தில் உறைந்தால் மாரடைப்பு, காலில் உறைந்தால் வீக்கம். கல்லீரலிலிருந்து வெளிவரும் நாளங்களில்கூட உறைவதுண்டு; அப்போது வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும்.

பெர்லின் நகரத்து மருத்துவர் ருடால்ஃப் ஃவிர்ச்சோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதை ஆராய்ந்தார். காலில் உறைந்த கட்டி அங்கிருந்து பெயர்ந்து நுரையீரல் நாளத்தைச் சென்று அடைக்கிறது என்பதைக் காட்டியவர் அவரே. உறைவுக்கு மூன்று காரணங்களை அவர் பெயரால் இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்: ஓட்டம் தேங்குதல், நாளத்தின் சுவர் பழுதுபடுதல், குருதியின் தன்மை மாறுதல். மூன்றும் ஒன்று கூடவேண்டும் என்பதில்லை. இரண்டு கூடினாலே போதும். எம் அத்தானுக்கு மூன்றாவது காரணம் பல காலமாக உடம்பிலேயே இருந்தது. முதற் காரணத்தை நாம் சேர்த்துக் கொடுத்தோம்.

அது 2023 ஆம் ஆண்டு வைகாசி மாதம். மூத்த பெண்ணின் திருமணம் நெல்லைச் சீமையில் எங்கள் ஊரிலே. கப்பல் பயணம் எப்படிப்பட்டது என்பதை உங்களுக்குச் சொல்வது கொல்லத் தெருவில் ஊசி விற்பதாகும். சென்னைக்கும் இத்தீவின் தலைநகருக்கும் இடையே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல். அன்று போர்ட் பிளேர் என்று வழங்கிய நகருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்; கடலின் நீளம் மட்டும் மாறவில்லை. கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் எடுத்துக்கொண்டது. கடல் கொந்தளிப்பில் அத்தானுக்கு ஓயாத வாந்தி. தண்ணீர் குடித்தால் மீண்டும் குமட்டும் என்று அஞ்சிக் குடிக்காமலே பங்க்கில் சுருண்டு கிடந்தார். உடம்பில் நீர் வற்றினால் குருதியின் நீர்ப்பகுதியும் குறையும். முன்னரே 58 இருந்த செறிவு அந்த மூன்று நாளில் எங்கே போயிருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

சென்னைத் துறைமுகத்தில் நாம் வரவேற்றோம். அன்றிரவே எழும்பூரிலிருந்து நெல்லை வண்டி. முகூர்த்த காலமாதலால், இரயில்வே ஊழியர் என்ற பெயர் இருந்தும் எமக்கும் அத்தானுக்கும் கிடைத்தது ஓர் ஆர்.ஏ.சி. இருக்கை, இருவருக்கு ஒரே பலகை. பரிசோதகர் விழுப்புரம் தாண்டி ஒரு படுக்கை தந்தார். அதை உடன் வந்த முதியவள் ஒருத்திக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அத்தான். சரி என்றோம். இரவு முழுதும் காலைத் தொங்கவிட்டபடி எதிரெதிரே அமர்ந்து கல்யாணக் கணக்குப் பேசிக்கொண்டே வந்தோம். அவர் ஒருமுறைகூட எழுந்து நடக்கவில்லை. சீர்வரிசைப் பெட்டியைக் காலுக்கடியில் வைத்திருந்தார்.

நம் கெண்டைக்கால் ஓர் ஏற்றம். நடக்கும்போது அத்தசை சுருங்கிச் சுருங்கிக் காலில் உள்ள குருதியை மேலே இறைக்கிறது. ஏற்றம் மிதிப்பவன் நின்றுவிட்டால் நீர் எப்படி ஏறும்? 1940 ஆம் ஆண்டு இலண்டன் நகரின்மீது குண்டுமாரி பொழிந்தபோது மக்கள் நிலவறைகளில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தனர். அவர்களில் சிலர் குண்டு எதுவும் படாமலே இறந்தனர். கீத் சிம்ப்சன் என்னும் மருத்துவர் அப்பிணங்களைச் சோதித்தபோது நுரையீரலில் உறைகட்டி அடைத்திருந்ததைக் கண்டு அவ்வாண்டே எழுதினார். நாற்காலியின் விளிம்பு தொடையை அழுத்தியதும், நெடுநேரம் அசையாமல் இருந்ததும் காரணம் என்றார். நாம் விற்கிற இருக்கைச் சீட்டுகளுக்குப் பின்னால் இப்படி ஒரு செய்தி இருப்பது எமக்கு ஐம்பதை நெருங்கும் வயதில்தான் தெரிந்தது.

ஊருக்கு வந்து இறங்கியதும் அத்தானின் இடக்கால் வலித்தது. கெண்டைக்கால் மட்டும் தடித்துச் சூடாக இருந்தது. வலக்கால் இயல்பாக இருந்தது. "கப்பல் அசதி, வாயு பிடித்திருக்கும்" என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாம் கடைக்குப் போய்த் தைலம் வாங்கி வந்தோம். அன்று மாலையும் மறுநாள் காலையும் அரைமணி நேரம் எம் கையாலேயே அந்தக் காலை அழுத்தித் தேய்த்துவிட்டோம்.

தாய்மார்களே, இந்த ஒன்றை மட்டும் தயைகூர்ந்து மனத்தில் நிறுத்துங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் நொந்தால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் உறைகட்டி பெயரக்கூடும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். வலியில்லாத ஒலியலைச் சோதனை ஒன்றினால் கட்டி இருக்கிறதா இல்லையா என்று கண்டுவிடுவார்கள்.

மூன்றாம் நாள் முகூர்த்தம். தாலி ஏறிய பிறகு மண்டபத்து மாடிப் பந்திக்குப் படியேறிக்கொண்டிருந்த அத்தான் பாதியில் நின்றார். மூச்சு இரைத்தது. மார்பைப் பிடித்துக்கொண்டார். சிவந்த முகம் நீலம் பாரித்ததை அன்றுதான் கண்டோம். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, நுரையீரல் நாளத்தில் பெருங்கட்டி என்றார்கள். மருத்துவர்கள் தம்மால் இயன்றதெல்லாம் செய்தார்கள். நான்கு நாள் இருந்தார். மணக்கோலம் கலையாத மகளைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அந்த நான்கு நாட்களில் ஒரு நாள், இளம் மருத்துவர் ஒருவர் பழைய சோதனைத் தாள் ஏதேனும் உண்டா என்று கேட்டார். இங்கே பக்கத்து வீட்டில் சாவி இருந்தது. அவ்வீட்டார் பெட்டியைத் திறந்து, தாளைப் படம் எடுத்துத் தொலைபேசியில் அனுப்பினார்கள். அவர்களுக்கு எம் நன்றி என்றும் உண்டு. மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்தார். எம்மைப் பார்த்தார். "இதை ஒருவரும் படிக்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார். படித்தோம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

அவர் பிறகு பல கேள்விகள் கேட்டார். குளித்தவுடன் உடம்பு அரிக்கும் என்பாரா? ஆம், வெந்நீரில் குளித்தால் கால்மணி நேரம் சொறிவார். குழாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். தலைவலி, தலைச்சுற்றல்? பணிமனைச் சூடு என்று நினைத்தோம். விரல் நுனிகள் சிவந்து எரியுமா? எரியும், கிரீஸ் பட்டது என்று நினைத்தோம். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. அவரிடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருந்தது. அதன் பெயர் பாலிசைத்தீமியா வெரா.

1892 இல் பாரிசு நகரத்து மருத்துவர் வாக்கே இந்நோயை முதலில் எழுதினார். 1903 இல் அமெரிக்காவில் வில்லியம் ஆஸ்லர் அதைத் தனி நோயென நிறுவினார். நெடுங்காலம் அவ்விருவர் பெயராலேயே அது வழங்கிற்று. எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் சிவப்பணுக்களைச் செய்துகொண்டே இருப்பது இதன் இயல்பு. ஏன் அப்படிச் செய்கிறது என்பது 2005 ஆம் ஆண்டுதான் துலங்கிற்று. பிரான்சு, பிரிட்டன், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் தனித்தனியே உழைத்த அறிஞர் குழுக்கள் அந்த ஓராண்டில் ஒரே முடிவுக்கு வந்தன. ஜாக்-2 என்னும் மரபணுவில் ஓர் எழுத்து மாறிவிடுகிறது, எழுத்துப் பிழைதான். இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்கு அப்பிழை இருக்கிறது. இயல்பாகச் சிறுநீரகம் ஒரு சுரப்பை அனுப்பி, இவ்வளவு சிவப்பணு செய்க என்று மஜ்ஜைக்கு ஆணையிடும். பிழை நேர்ந்த அணு அந்த ஆணைக்குக் காத்திருப்பதில்லை. சிறுநீரகம் போதும் போதும் என்று ஆணையைக் குறைத்துவிட்ட பின்னரும் அது செய்துகொண்டே போகிறது.

இதை இன்று குருதிப் புற்றுநோய்களின் வரிசையில் சேர்க்கிறார்கள். அச்சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டா. மெல்ல நடக்கும் நோய் இது. கண்டுபிடித்து முறையாக மருத்துவம் செய்துகொள்வோர் பல்லாண்டு வாழ்கிறார்கள். மருத்துவமும் வியப்பானதே. கூடுதலாக உள்ள குருதியை ஊசி வழியே பையில் வடித்து எடுத்துவிடுகிறார்கள். நம் சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளில் குருதி வாங்கல் என்று ஒன்று உண்டு. எல்லா நோய்க்கும் அது பொருந்தாது போயினும் இந்த நோய்க்கு இன்றைய ஆங்கில மருத்துவமே குருதியை வாங்குகிறது. உடன் சிறிய அளவு ஆஸ்பிரின். வயது முதிர்ந்தோர்க்கும் முன்பே உறைவு கண்டோர்க்கும் அணு உற்பத்தியை அடக்கும் மாத்திரையும் தருவர். இவையெல்லாம் மருத்துவர் சொல்லி, அவர் கண்பார்வையில் செய்யவேண்டியவை. நாம் சொன்னோம் என்று யாரும் கடைக்குப் போய் ஆஸ்பிரின் வாங்கிவிடாதீர்கள்.

பி.சி.வி.யை எவ்வளவுக்குக் குறைக்கவேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இத்தாலியில் 365 நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்து 2013 இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர்க்கு 45க்குக் கீழே வைத்தார்கள். மற்றொரு பிரிவினர்க்கு 45க்கும் 50க்கும் இடையே விட்டார்கள். முதற் பிரிவில் 182 பேரில் ஐவர்க்கு மட்டுமே கொடிய உறைவோ, இதயம் குருதிநாளம் சார்ந்த இறப்போ நேர்ந்தது. மற்றதில் 183 பேரில் பதினெண்மர்க்கு நேர்ந்தது. ஐந்து எண் வேறுபாட்டில் இவ்வளவு! 58 எங்கே, 45 எங்கே என்று இரவில் எம் மனம் கழித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

எல்லாச் செறிவும் இந்நோயே என்று கொள்ளற்க. புகை பிடிப்போர்க்கும் குருதி செறியும். புகையிலுள்ள நச்சுவாயு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ள, உடம்பு ஈடுகட்ட மேலும் அணுக்களைச் செய்கிறது. நாட்பட்ட நுரையீரல் நோயிலும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் குறட்டை நோயிலும் அவ்வாறே. காற்று மெலிந்த பனிமலைகளில் நெடுநாள் காவல் புரியும் நம் படைவீரர்க்குக் குருதி செறிவதையும், அவர்களிடையே உறைவு மிகுதியாகக் காணப்படுவதையும் நம் நாட்டு இராணுவ மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். வாந்தி பேதியால் நீர் வற்றியோர்க்கு ஏற்படும் செறிவு நீர் குடித்தால் தணியும். மஜ்ஜையின் பிழையால் வந்த செறிவு எத்தனை குடம் குடித்தாலும் தணியாது. எது எது என்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 16.5க்கு மேல், பெண்களுக்கு 16க்கு மேல் தொடர்ந்து இருந்தால் காரணம் தேடத் தொடங்கவேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு.

இதைச் சொன்னவுடன் ஓர் அச்சமும் எமக்கு உண்டாகிறது. நம் பெண்களில் பலருக்குக் குருதி செறிவதில்லை, குறைந்தே இருக்கிறது. கருவுற்ற மகளுக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை இன்றிரவே குப்பையில் போட்டுவிட்டு, மாமா சொன்னார் என்று எம் தலையில் பழியைப் போட்டுவிடாதீர்கள். குறைந்தவர்க்கு இரும்பு வேண்டும். எண்ணைப் பார்க்காமல், முகம் வாடியிருக்கிறது என்று கண்டவர் எல்லாம் டானிக் குடிப்பதுதான் தவறு.

இனி, நாம் தலைப்பை மாற்றிக் கேட்டதன் உண்மைக் காரணத்துக்கு வருகிறோம்.

அத்தானின் மஜ்ஜைப் பிழையைக் கண்டறிய எடுத்த சோதனையின் முடிவு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகே வந்தது. ஐயப்பட்டபடியே ஜாக்-2 பிழை இருந்தது. செய்தி எப்படியோ கடலைத் தாண்டி இங்கும் வந்துவிட்டது. வரும்போது 'இரத்தப் புற்றுநோய்' என்பது 'கெட்ட இரத்தம்' ஆகி, 'கெட்ட இரத்தம்' 'இரத்த நோய்க் குடும்பம்' ஆகியிருக்கிறது. தமக்கையாரின் இளைய மகளுக்கு வரன் பேசி வந்தவர்கள், பூ வைக்கும் நாளுக்கு முன் பின்வாங்கினார்கள். அவர்கள் யார் என்று நாம் கூறோம். அவர்கள்மேல் எமக்குச் சினமும் இல்லை. நம் பிள்ளைக்குப் பெண் எடுக்கும்போது நாமும் இப்படித்தான் விசாரித்திருப்போம். எனினும், தெரியாமல் விசாரிப்பது வேறு, தெரிந்து விசாரிப்பது வேறு.

தெரிந்தது இதுதான். அந்த எழுத்துப் பிழை தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்ததன்று. வாழ்நாளின் இடையில், மஜ்ஜையில் உள்ள ஓர் அணுவில் நேர்ந்து, அந்த ஓர் அணுவின் வழித்தோன்றல்களாகப் பெருகுவது. தகப்பனின் மஜ்ஜையில் பின்னாளில் நேர்ந்த பிழை மகளின் உடம்புக்குள் செல்ல வழியில்லை. படி எடுத்து முடித்த பிறகு மூலத்தில் மை சிந்தினால் படியில் கறை ஏற்படுமா? ஒரு சில குடும்பங்களில் ஒருவர்க்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் காணப்படுவதும் உண்மையே. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. அது அரிது. தொட்டாலோ உடன் உண்டாலோ ஒட்டுவதும் அன்று. பிள்ளைகள் இருவருக்கும் இவ்வாண்டு இரத்தச் சோதனை செய்தோம். இளையவளுக்கு ஹீமோகுளோபின் 12.6. மகனுக்கு 14.8. தாள்கள் தமக்கையாரிடம் இருக்கின்றன. கேட்பவர்க்குக் காட்டுவதில் அவருக்குத் தடை இல்லை என்று சொல்லச் சொன்னார். பெண்ணைப் பெற்றவள் ஊரறியத் தாளைக் காட்டும் நிலை வந்ததே என்று எமக்குத்தான் வருத்தம்.

இங்கே தலைநகரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இருக்கிறது. 2015 இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் அதனோடு சேர்ந்து இயங்குகிறது. மரபணுச் சோதனைக்குப் பெருநிலத்துக்கு எழுத நேர்ந்தாலும், முழு இரத்த அணுக் கணக்கெடுப்பு என்னும் முதற் சோதனை எளியது. ஒரு சிறு குப்பி இரத்தம் போதும். உங்களில் பலர் வீட்டில் அது முன்னரே எடுத்து முடிந்தும் இருக்கும். பணியிடச் சோதனை, அறுவைக்கு முன் எடுத்தது, காய்ச்சலுக்கு எடுத்தது என்று பெட்டியடியில், பருப்பு டப்பாவுக்குக் கீழே, சாமி படத்துக்குப் பின்னே அத்தாள்கள் கிடக்கும்.

நாம் அடுத்த வாரக் கப்பலில் திரும்புகிறோம். தமக்கையாரும் உடன் வருகிறார். இம்முறை அவருக்காகக் கடற்குமட்டல் மாத்திரையை மருத்துவரிடமே கேட்டு வாங்கியாயிற்று. மூன்று வேளையும் அவரை மேல்தளத்தில் நடக்கவைப்பது எம் பொறுப்பு. அதற்கு முன், நாளைக் காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணி வரை சங்கத்துப் படிப்பகத்தில் மூக்குக்கண்ணாடியோடு அமர்ந்திருப்போம். வீட்டில் உள்ள பழைய சோதனைத் தாள்களைக் கொண்டு வாருங்கள். மருந்து சொல்ல எமக்குத் தெரியாது. இரண்டே வரிகளை மட்டும் படிப்போம். ஹீமோகுளோபின் ஒன்று, பி.சி.வி. ஒன்று. மிகையோ குறைவோ எது இருந்தாலும் சிவப்பு மையால் சுழித்து, பெயரும் நாளும் எழுதி, மருத்துவரிடம் காட்டும்படி கையில் கொடுத்துவிடுவோம். சிவப்பு மைப் பேனா இரண்டு கொண்டுவந்திருக்கிறோம்.